வேகமா ஓடினாலும் தோல்வி... ஜெயிச்சாலும் நஷ்டம்! அமெச்சூர் டிராக் ரேஸின் பணக் கணக்கு

கார் பந்தயத்தில் வேகமாக ஓட்டியதற்காகவே ஒருவர் தோற்க முடியுமா? முடியும். அமெரிக்காவில் வாரம் தவறாமல் யாராவது ஒருவர் அப்படித் தோற்றுவிட்டு, காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். ஜெயித்தவரிடம் போய் 'எவ்ளோ சார் லாபம்?' என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். பல நேரங்களில் அந்தச் சிரிப்புதான் பதில்.

டிராக் ரேஸ் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது இன்ஸ்டா ரீல்ஸில் பார்த்த அந்த நீளமான, நெருப்பு கக்கும் கார்களாக இருக்கும். மணிக்கு 500 கி.மீ-க்கு மேல் பறக்கும் அவை தொழில்முறை ஆட்டக்காரர்களுடையவை. அந்த விளையாட்டின் மேல் மாடி அது. அஸ்திவாரம் வேறு இடத்தில் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை மெக்கானிக்காகவோ, பிளம்பராகவோ, ஆபீஸ் ஊழியராகவோ இருந்துவிட்டு, சனி, ஞாயிறில் சொந்தக் காசில் கார் ஓட்ட வருகிறவர்கள்தான் அங்கே பெரும்பான்மை. 1951-ல் வாலி பார்க்ஸ் தொடங்கிய என்.ஹெச்.ஆர்.ஏ அமைப்பு இவர்களை 'ஸ்போர்ட்ஸ்மேன்' பிரிவினர் என்று அழைக்கிறது. நாம் அமெச்சூர் என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது இந்த அமெச்சூர் வட்டாரத்தில் எங்கே இரண்டு பேர் கூடினாலும் பேச்சு மூன்று விஷயங்களைத்தான் சுற்றுகிறது: விதிகள், செலவு, பரிசுத்தொகை. மூன்றும் தனித்தனிப் பிரச்னைகள் போலத் தெரியும். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் மூன்றுமே ஒரே ஆள் தலையில்தான் விடிகிறது. முதல் சுற்றிலேயே தோற்றுப்போகிற ஆள்!

சொன்ன நேரத்துக்கு முன்னாடி வந்தாலும் தப்பு

அடிப்படை எளிது. கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப் பாதை. சில களங்களில் அதில் பாதி, 201 மீட்டர். இரண்டு கார்கள், ஒரு விளக்குக் கம்பம், கோட்டைத் தாண்டினால் முடிந்தது. ஆனால், ஒருவரிடம் அப்பா காலத்து ஸ்டேஷன் வேகன், இன்னொருவரிடம் பந்தயத்துக்கென்றே கட்டிய டிராக்ஸ்டர் என்றால்?

நம்ம ஊர் மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓடவிடுகிறார்கள் அல்லவா? அதேபோல கார்களையும் பிரிக்கலாம். என்ஜின், எடை, தயாரிப்பு வருடம் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பிரிக்கும் ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் பிரிவுகளும் உண்டு. அங்கே விதிப்புத்தகம் தடிமனாகிக்கொண்டே போகும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் பிராக்கெட் ரேஸ். உங்கள் கார் இந்தத் தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கும் என்று நீங்களே கண்ணாடியில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் டயல்-இன். உங்கள் வண்டி 14.00, எதிராளி 9.00 என்றால், உங்களுக்கு 5 விநாடி முன்னாலேயே பச்சை விளக்கு எரியும். இரண்டு பேரும் சொன்னபடி ஓட்டினால் கோட்டில் ஒன்றாக வந்து நிற்பீர்கள்.

'அப்போ நான் வேண்டுமென்றே 15.00 என்று எழுதிவிட்டு 14-ல் போனால்?' நல்ல கேள்வி. அதற்குத்தான் பிரேக்-அவுட் விதி. எழுதியதைவிடக் குறைந்த நேரத்தில் போனால் நீங்கள் அவுட். இரண்டு பேருமே அப்படிப் போய்விட்டால், குறைவாக மீறியவர் ஜெயிப்பார். அதனால்தான் கோட்டை நெருங்கும்போது பிரேக்கை மிதிக்கிற விநோதத்தை இந்தப் பந்தயத்தில் மட்டும் பார்க்க முடிகிறது.

யோசித்துப் பார்த்தால் இது ஓர் அற்புதமான ஜனநாயக ஏற்பாடு. காசு இருப்பவன் வேகத்தை வாங்கலாம். வெற்றியை வாங்க முடியாது. தன் வண்டியைத் தெரிந்தவன், விளக்குக்குச் சரியாகக் கிளம்புகிறவன் ஜெயிப்பான். குறைந்தபட்சம், எண்ணம் அதுதான்.

வேகத்தை வாங்கி, அதைக் குறைக்கவும் காசு!

எந்த விதி வந்தாலும் அதைச் சுற்றிப் போக ஒரு கருவி சந்தைக்கு வந்துவிடும். பிராக்கெட் ரேஸில் வந்தது டிலே பாக்ஸ். விளக்குக் கம்பத்தில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் வரிசையாக எரியும், அப்புறம் பச்சை. கடைசி மஞ்சளைப் பார்த்துக் கிளம்புவது கலை. அதுவரை காத்திருக்கும்போது கை நடுங்கும். டிலே பாக்ஸ் இருந்தால் முதல் மஞ்சள் எரிந்ததுமே பட்டனை விட்டுவிடலாம். எத்தனை ஆயிரத்தில் ஒரு விநாடி கழித்துக் கிளம்ப வேண்டும் என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். இதோடு காற்றின் அடர்த்தி, ஈரப்பதம், வெப்பம் எல்லாம் அளந்து 'இப்போது உன் கார் இத்தனை விநாடி ஓடும்' என்று சொல்லும் வானிலைக் கருவிகள் தனி.

சூப்பர் காம்ப், சூப்பர் கேஸ், சூப்பர் ஸ்ட்ரீட் பிரிவுகளில் கூத்து இன்னும் அதிகம். இவற்றில் இலக்கு நேரம் முன்பே நிர்ணயிக்கப்பட்டது: முறையே 8.90, 9.90, 10.90 விநாடி. அதைவிட வேகமாகப் போனால் தோல்வி. அப்படியென்றால் சரியாக 8.90-ல் ஓடும் காரைக் கட்டினால் போதும்தானே? போதாது. அதைவிட வெகு வேகமாக ஓடக்கூடிய காரைக் கட்டி, கிளம்பிய கொஞ்ச நேரத்தில் த்ராட்டில் ஸ்டாப் என்ற கருவியால் என்ஜினின் மூச்சைச் சில கணங்கள் இறுக்கிப் பிடித்து, பிறகு திறந்துவிடுகிறார்கள். கணக்கு 8.90-ல் வந்து நிற்கும். ஆனால், கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 280 கி.மீ-ஐத் தொடும். மெதுவான கார்க்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். இவரோ பின்னாலிருந்து துரத்தி வருவதால், எதிராளி கண் முன்னாலேயே இருக்கிறார். எவ்வளவு இடைவெளியில் முந்தலாம் என்று அளந்து முந்துகிறார்.

ஆக, வேகத்துக்கு ஒரு செலவு, வேகத்தைக் குறைக்க ஒரு செலவு! செலவைக் கட்டுப்படுத்த வந்த விதிதான் இந்தச் செலவையும் உண்டாக்கியது.

கருவிகளை மொத்தமாகத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த மின்னணுப் பந்தயமே தனித் திறமை. அதில் இருபது, முப்பது வருடம் ஊறியவர்கள் இருக்கிறார்கள். பெட்டி வைத்தவர்களுக்கு ஒரு பிரிவு, பெட்டி இல்லாமல் காலால் பிரேக்கைப் பிடித்துக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு பிரிவு. பல களங்களில் இந்தப் பிரிவினை ஏற்கெனவே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இரண்டாவது பிரிவுக்கான பரிசைப் பார்த்தால் ஏதோ போனால் போகிறது என்று போட்ட மாதிரி இருக்கும். புதிதாக வருகிறவர் நுழையும் வாசல் அதுதான். வாசலில் விளக்குப் போடாமல் கூடத்தில் சீரியல் பல்பு தொங்கவிட்டு என்ன பயன்?

விதியைத் திருத்தவே முடியாது என்பதும் இல்லை. ஓர் உதாரணம்: மெதுவான கார் முதலில் கிளம்பும் பந்தயத்தில், அது பச்சைக்கு முன்னால் ஒரு இம்மி நகர்ந்துவிட்டால் அப்போதே கதை முடிந்தது. பின்னால் கிளம்பும் வேகக்கார் அதைவிட மோசமாகத் தப்பு செய்தாலும் கணக்கில் வராது. பல காலம் இதுதான் நடைமுறை. மெதுவான கார்க்காரர்கள் விடாமல் கேட்டார்கள். சில வருடங்களுக்கு முன் என்.ஹெச்.ஆர்.ஏ இதை மாற்றியது. இப்போது இருவரும் முந்திக் கிளம்பினால், அதிகம் முந்தியவர்தான் தோற்பார். ஒருவருக்கும் ஒரு டாலர் கூடுதல் செலவில்லை. மென்பொருளில் ஒரு மாற்றம், அவ்ளோதான். நியாயம் கூடியது.

128 கார்கள்... காசு யாருக்கு?

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடலாம். ஓர் ஊர்க் களத்தில் 128 கார்கள் வருகின்றன. என்ட்ரி ஃபீஸ் 100 டாலர் (நம்ம காசுக்கு எட்டாயிரத்துக்கு மேல்). மொத்தம் 12,800 டாலர். விளக்குகள், ஆம்புலன்ஸ், காப்பீடு, ஆட்கள் சம்பளம், பாதைக்குப் பூசும் பசை என்று களத்துக்காரர் பாதியை எடுத்துக்கொள்கிறார், நியாயமான செலவுதான். மீதி 6,400 பரிசு.

இது நாக்-அவுட் பந்தயம். முதல் சுற்றில் 64 பேர் வெளியே. இரண்டாவதில் 32 பேர். அதாவது மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் 96 பேர் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள். வழக்கமான பாணியில் பரிசைப் பிரித்தால் எப்படி இருக்கும்? முதல் பரிசு 4,000. இரண்டாமவருக்கு 1,200. அரையிறுதியில் தோற்ற இருவருக்குத் தலா 300, காலிறுதியில் தோற்ற நால்வருக்குத் தலா 150. கணக்கு சரி. போஸ்டரில் '4,000 டாலர்' என்று பெரிதாகப் போடலாம். 128 பேரில் 8 பேர் கையில் காசு. 120 பேர் வெறுங்கையோடு வீட்டுக்கு!

அதே 6,400-ஐ வேறு மாதிரி பிரித்துப் பாருங்கள். முதல் பரிசு 2,000. அடுத்தவருக்கு 1,000. அரையிறுதியில் தோற்றவர்களுக்கு 400, காலிறுதியில் தோற்றவர்களுக்கு 200. அதற்கு முந்தைய சுற்றில் தோற்ற 8 பேருக்கு 125. அதற்கும் முந்தைய சுற்றில், அதாவது இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டு மூன்றாவதில் தோற்ற 16 பேருக்கு 50. கூட்டிப் பாருங்கள், அதே 6,400 வரும். இப்போது நான்கில் ஒருவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. இரண்டு ஆட்டம் ஜெயித்தவருக்குக் கட்டிய பணத்தில் பாதி திரும்புகிறது. மூன்று ஜெயித்தவருக்கு முழுதாகத் திரும்பி, வழியில் ஒரு பர்கர் சாப்பிடவும் மிஞ்சுகிறது. 'அடுத்த வாரமும் போகலாம்மா' என்று வீட்டில் சொல்ல இந்த 125 டாலர் போதும்.

'முதல் பரிசு பெரிதாக இருந்தால்தானே கூட்டம் வரும்?' என்று களத்துக்காரர்கள் கேட்பார்கள். முதல் வாரம் வரும். அந்த ஊரில் யார் வழக்கமாக ஜெயிப்பார்கள் என்பது மூன்றாவது வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்புறம்?

இதில் பை-பேக் என்று இன்னொரு சங்கதி. முதல் சுற்றில் தோற்றவர் மறுபடி பணம் கட்டி இரண்டாம் சுற்றுக்குள் வரலாம். தோற்றவருக்கு ஆறுதல், களத்துக்கு வருமானம், கேட்க நன்றாக இருக்கிறது. நம் கணக்கில் 64 பேரில் 40 பேர் தலா 50 டாலர் கட்டித் திரும்பி வருகிறார்கள் என்று வையுங்கள். இரண்டாம் சுற்றில் 64-க்குப் பதில் 104 பேர். முதல் சுற்றில் கஷ்டப்பட்டு ஜெயித்தவருக்கும் தோற்றுத் திரும்பி வந்தவருக்கும் வித்தியாசம் என்ன? 50 டாலர். ஒரு வெற்றியின் விலை அவ்வளவுதான் என்று ஆகிவிடுகிறது. இரண்டு கார் வைத்திருப்பவர் இரண்டு என்ட்ரி போட்டு, இரண்டுக்கும் பை-பேக் வாங்கினால் அவருக்கு நான்கு வாய்ப்பு. பெட்ரோலுக்கே யோசித்து வந்த ஆளுக்கு ஒன்று. டயல்-இன் விதி காசின் பலத்தை முன்வாசலில் தடுத்தது. பை-பேக் அதைக் கொல்லைப்புறமாக உள்ளே கூட்டி வருகிறது. பை-பேக் வேண்டுமென்றால் இருக்கட்டும், ஆளுக்கு ஒன்று என்று வையுங்கள். அதில் வரும் பணத்தைப் பொதுப் பரிசில் கலக்காமல், முதல் சுற்றில் ஜெயித்தவர்களுக்கோ, தோற்றவர்களுக்கான தனிப் பந்தயத்துக்கோ கொடுங்கள்.

மறுபக்கம், பெரும்பணப் பந்தயங்கள் இருக்கின்றன. 1996-ல் ஜார்ஜ் ஹோவர்டு என்ற அமைப்பாளர் தொடங்கிய 'மில்லியன் டாலர் ரேஸ்' அதில் பிரபலம். என்ட்ரியே ஆயிரக்கணக்கான டாலர். இந்த மாதிரி பந்தயங்களில் கடைசி நாலைந்து பேர் நின்றதும் தங்களுக்குள் பேசி, பரிசைப் பங்கு போட்டுக்கொள்வது சகஜம். அறிவித்த தொகை முழுதாக வர வேண்டுமென்றால் இத்தனை கார்கள் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல பெரும்பணப் பந்தயங்களில் பொடி எழுத்தில் இருக்கும். பங்கு போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லப்போனால், ஆட்டக்காரர்களே 'ஒருவருக்கே எல்லாம் வேண்டாம்' என்று சொல்லும் தீர்ப்பு அது. அமைப்பாளர்கள்தான் அதைக் காதில் வாங்குவதில்லை.

தேசிய அளவிலான என்.ஹெச்.ஆர்.ஏ போட்டிகளின் கதை வேறு. அங்கே ஜெயித்தால் 'வாலி' என்று செல்லமாக அழைக்கப்படும் கோப்பை கிடைக்கும். அதற்காக ஏங்காத அமெச்சூர் இல்லை. ஆனால், நான்கு நாள் லீவு, டீசல், தங்குமிடம் எல்லாம் போட்டு, தொழில்முறை கார்கள் ஓடி முடிக்கும்வரை மணிக்கணக்கில் வரிசையில் காத்திருக்க வேண்டும். பரிசுத்தொகை செலவுக்கு ஏற்ற மாதிரி ஏறவில்லை என்பது அவர்களின் தீராத மனக்குறை. ஸ்பான்சர் கம்பெனியின் ஸ்டிக்கரை ஒட்டி, அவர்கள் பொருளையும் பயன்படுத்தி ஜெயித்தால் தனி ஊக்கத்தொகை உண்டு. அதுவும் ஜெயித்தால்தான்.

உயிர் காக்கும் செலவில் கை வைக்கலாமா?

செலவைக் குறை என்றதும் சிலர் முதலில் கை நீட்டுவது பாதுகாப்பு விதிகள் மேல். அங்கேதான் நிதானம் வேண்டும். என்.ஹெச்.ஆர்.ஏ பொது விதிப்படி கால் மைலை 13.99 விநாடி அல்லது அதைவிட வேகமாக ஓடினால் ஹெல்மெட் கட்டாயம். 11.49-க்குள் வந்தால் ரோல் பார். 9.99-க்குள் என்றால் சேஸிஸுக்குச் சான்றிதழ், ஓட்டுநருக்கு லைசென்ஸ். புதிய தலைமுறை கார்களுக்கு இதில் ஓரளவு தளர்வு கொடுத்தார்கள். அதற்குள் 2023-ல் டாட்ஜ் கம்பெனி 8.91 விநாடியில் ஓடக்கூடிய 'டீமன் 170' காரை ஷோரூமிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டது! கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்டினால் களத்தில் அனுமதி இல்லை. கூண்டு கட்ட வேண்டும். அந்த விதி இருக்க வேண்டியதுதான். 240 கி.மீ வேகத்தில் கவிழ்ந்தால் கார் புதுசா பழசா என்று சுவர் பார்க்காது.

ஆனால், எல்லாப் பாதுகாப்பு விதியும் ஒரே எடை இல்லை. சீட் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஃப்.ஐ முத்திரை பெற்ற பெல்ட்டுக்கு ஆயுள் 2 வருடம். வருடம் முழுக்க வெயிலில் கிடந்து ஓடிய பெல்ட்டுக்கும், ஆறு தடவை மட்டும் எடுத்து மாட்டி மீண்டும் கேரேஜில் வைத்த பெல்ட்டுக்கும் அதே தேதிதான். உலகளாவிய எஃப்.ஐ.ஏ தரத்தில் வரும் பெல்ட்டுகளுக்கோ 5 வருடம். கார் பந்தய உலகில் இரண்டுமே உயிர் காக்கும் பெல்ட்டுகள்தான். மெதுவான பிரிவுகளில் மட்டுமாவது, பரிசோதித்து ஆயுளை நீட்டும் வழியை யோசிக்கலாம். கூண்டில் சமரசம் கூடாது. தேதி முத்திரையில் பேச இடமிருக்கிறது.

இதெல்லாம் ஏன் இவ்வளவு அவசரம் என்றால், களங்களே காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன. நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுன் களத்தில் டிராக் ரேஸ் 2018-ல் நின்றது. அட்லாண்டா களம் 2021-ல் மூடப்பட்டது. 2023-ல் ஹூஸ்டன் களம். அதே வருடம், 1958-லிருந்து ஒரே குடும்பம் நடத்திவந்த டென்வர் பக்கத்து பேண்டிமியர் களம். நகரம் வளர்ந்து நிலத்தின் மதிப்பு ஏறும்போது, 128 பேரின் என்ட்ரி ஃபீஸ் ஒரு ரியல் எஸ்டேட் செக்கோடு மோத முடியாது. 128 பேர் 70 ஆகிவிட்டால் மோதிப் பார்க்கவே நாதியில்லை. அந்த 58 பேர் யார்? மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள்தான்.

இருங்காட்டுக்கோட்டைக்கு இதில் என்ன வேலை?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் களம் இருக்கிறது. நம் நாட்டின் தேசிய பைக் டிராக் ரேஸ் போட்டிகளுக்கு அது தாய்வீடு மாதிரி. இங்கே பிரிவினை என்ஜின் சி.சி-யை வைத்து; டூ-ஸ்ட்ரோக், ஃபோர்-ஸ்ட்ரோக் என்றும் பிரிப்பார்கள். கேள்வி ஒன்றுதான்: யார் சீக்கிரம் முடித்தார்? அதனால் மேல் பிரிவில் சூப்பர் பைக் வாங்க முடிந்தவர்களின் ஆட்டம். கீழ்ப் பிரிவிலும், 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன ஆர்.எக்ஸ் 100-க்கு உதிரி பாகம் தேடி அலைகிற ஆட்டம். ஆபீஸ் போகும் பைக்கை எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தால் அவருக்கு அங்கே ஜெயிக்க வழியில்லை.

டயல்-இன் பிரிவு ஒன்று இங்கே வந்தால், மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் 150 சி.சி பைக்கும் களத்துக்கு வரலாம். விளக்குக் கம்பத்தையும் டைமிங் மென்பொருளையும் இரண்டு பாதைக்கும் தனித்தனி நேரம் கொடுக்கும்படி அமைக்க வேண்டும்; செலவு உண்டு. ஆனால், ராத்திரி காமராஜர் சாலையிலும் ஈ.சி.ஆரிலும் சீறிப் போய் போலீஸ் கேஸ் வாங்கும், சில நேரம் உயிரையே விடும் பையன்களிடம் 'களத்துக்கு வா' என்று சொல்கிறோமே... வந்தால் அவன் பைக்குக்கு அங்கே ஒரு பிரிவு இருக்க வேண்டாமா? பை-பேக் இல்லாமல், சுற்றுக்குச் சுற்று சின்னத் தொகை கொடுக்கிற மாதிரி ஆரம்பத்திலேயே எழுதிவிட்டால், அமெரிக்கர்கள் இப்போது அவிழ்க்கத் திணறும் முடிச்சை நாம் போடாமலே இருக்கலாம்.

எந்த ஊர் டிராக் ரேஸுக்காவது நீங்களோ, உங்கள் பிள்ளையோ பெயர் கொடுக்கப் போகிறீர்களா? போஸ்டரில் இருக்கும் முதல் பரிசைப் பார்க்காதீர்கள். படிவத்தில் எத்தனையாவது சுற்றிலிருந்து காசு தருகிறார்கள், ஒருவர் எத்தனை என்ட்ரி போடலாம், வண்டிகள் குறைந்தால் பரிசும் குறையுமா என்று பாருங்கள். ஹெல்மெட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தரச் சான்று ஸ்டிக்கரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். காலாவதி ஆனது என்று பரிசோதனை மேஜையிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். கட்டிய என்ட்ரி ஃபீஸ் திரும்பி வருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.